அண்டக் கதிர்களின் வகையறிந்த வரலாறு

ஒரு பொருள் எவ்வளவு உண்டு என அறிதல் வேறு. அஃது இன்னது என அறிதல் வேறு. முன்னையதற்கு அளவுகோல் ஒன்று போதும். பின்னையதற்கோ, பொருளைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொன்றன் இயல்பையும் தனித்தனியே நோக்கும் முறை வேண்டும். பூமியின்மீது அல்லும் பகலும் இடையறாது வந்து வீழும் அண்டக் கதிர்களைப் பற்றிய ஆராய்ச்சி இவ்வுண்மைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அக்கதிர்கள் உள என்பது 1912 ஆம் ஆண்டிலே துணியப்பட்டது. அவை இன்னின்னவற்றால் ஆயவை என்பது தெளிவாவதற்கு மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. அவற்றுள் மிகவுயர்ந்த சத்தியுடையனவற்றின் கூறு யாது என்னும் வினாவுக்கு விடை காணும் முயற்சியோ இந்நூற்றாண்டிலும் தொடர்ந்து நடைபெறுகின்றது. அளவை மாத்திரம் அறிந்து வகையை ஊகித்தவர் வழி தவறியதும், வகையை அறிந்த பின்னரே கதிர்களின் பிறப்பிடம் பற்றிப் பொருளுடைய வினாக்கள் எழுந்ததும் இவ்வரலாற்றின் இரு கூறுகள். அவற்றை முறையே எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய பாடநூல்கள் இச்செய்தியை இரண்டொரு வரிகளிற் கூறி அமைகின்றன. அண்டவெளியிலிருந்து வரும் அணுக்கருக்கள் நூற்றை எடுத்துக்கொண்டால், அவற்றுள் ஏறக்குறைய தொண்ணூறு ஐதரசன் கருக்கள், அதாவது புரோத்தன்கள். ஒன்பது ஈலியக் கருக்கள். எஞ்சிய ஒன்றே இரும்பு வரையும் அதற்கு அப்பாலுமுள்ள ஏனை மூலகங்கள் யாவற்றின் பங்குமாகும். இவற்றோடு நூற்றிலொரு பங்களவு இலத்திரன்களும் வருகின்றன. வாசித்து மனனஞ் செய்தற்கு ஒரு நிமிடமும் வேண்டாத இவ்வரிகள், பலூனிலே பறந்தோரும் கப்பலிலே சென்றோரும் செயற்கைக் கோள்களைச் செலுத்தியோருமாகிய பலரது உழைப்பின் பயனாகும்.

வரலாறு ஒரு சிறு ஐயத்திலே தொடங்குகின்றது. மின்னேற்றப்பட்ட பொன்னிலை மின்காட்டியை எத்துணைக் கவனமாகக் காவலிட்டு வைத்தாலும், அதன் ஏற்றம் மெல்ல மெல்லக் கசிந்து போவதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே விஞ்ஞானிகள் கண்டனர். கருவியினுள்ளே இருக்கும் வளியை ஏதோ ஒரு கதிர் அயனாக்குகின்றது என்பது தெளிவு. மண்ணிலும் பாறையிலுமுள்ள கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களே அதற்குக் காரணமெனப் பெரும்பாலோர் கருதினர். அவ்வாறாயின், நிலத்தை விட்டு மேலே செல்லச் செல்ல அயனாக்கம் விரைவிற் குன்றுதல் வேண்டும். யேசு சபைக் குருவும் பௌதிக ஆசிரியருமாகிய தியோடர் வுல்ப் 1910 ஆம் ஆண்டில் தாம் அமைத்த மின்மானியை எடுத்துக்கொண்டு பாரிசிலுள்ள ஐபல் கோபுரத்தின் உச்சிக்குச் சென்றார். அயனாக்கம் குறைந்ததாயினும் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. இத்தாலியரான பச்சீனி 1911 இலே தம் கருவியை லிவோர்னோக் கடலில் மூன்று மீற்றர் ஆழத்தில் அமிழ்த்தினார். ஐந்திலொரு பங்களவு அயனாக்கம் குறைந்தது. கதிரின் ஒரு பகுதியேனும் நிலத்திலிருந்து வருவதன்று என அவர் முடிவு செய்தார்.

ஐயத்தை அறுதியாகத் தீர்த்தவர் ஒஸ்திரிய நாட்டவரான விக்டர் ஹெஸ். அவர் 1912 ஆம் ஆண்டிலே ஏழு முறை பலூனில் ஏறினார். ஏப்பிரில் 17 ஆம் நாள் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது மேலே இருந்து நோக்கிய அவர், கதிர்வீச்சிலே குறைவு யாதுங் காணாமையால், அதன் மூலம் சூரியனன்று எனத் துணிந்தார். ஒகத்து 7 ஆம் நாள் பொகீமியாவிலுள்ள ஔசிக் என்னும் ஊரிலிருந்து ஐதரசன் நிரப்பிய பலூனிலே வேறிருவருடன் புறப்பட்டு, 5,350 மீற்றர் உயரத்தை அடைந்து, நண்பகலளவிலே பேர்லினுக்குக் கிழக்கே இறங்கினார். ஐயாயிரம் மீற்றர் உயரத்திலே அயனாக்கம் நிலமட்டத்தில் உள்ளதிலும் பன்மடங்காக இருந்தது. மேலேயிருந்தே யாதோ ஒன்று வளிமண்டலத்துட் புகுகின்றது என்பதை இனி மறுத்தற்கில்லை. கோல்ஹோர்ஸ்டர் என்பார் 1914 இல் 9,300 மீற்றர் வரை சென்று ஹெசின் முடிவை உறுதிப்படுத்தினார். ஹெஸ் 1936 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

ஆயின், புகுவது யாது? ஹெசின் கருவி எண்ணிக்கையை மாத்திரமே கூறவல்லது, வகையைக் கூறவல்லதன்று. அக்காலத்தில் அறியப்பட்ட கதிர்களுள் மிக ஊடுருவுவது காமாக் கதிரே. எனவே இதுவும் அதனினும் வலிய காமாக் கதிரே என எல்லோரும் கொண்டனர். இக்கொள்கையைப் பெரிதும் வற்புறுத்தியவர் அமெரிக்கப் பேரறிஞரான மில்லிக்கன். 1925 ஆம் ஆண்டிலே 'அண்டக் கதிர்' என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. விண்வெளியில் ஐதரசன் அணுக்கள் கூடி ஈலியம் முதலிய மூலகங்களாகும்போது வெளிப்படும் ஒளியே இது எனக் கொண்ட அவர், அதனைப் புதிதாகப் பிறக்கும் அணுக்களின் குரலாக வருணித்தார். கருத்து அழகியது, மக்களின் உள்ளத்தையும் கவர்ந்தது. ஆயினும் அது வகையை ஆராயாது அளவிலிருந்து ஊகிக்கப்பட்டதாகும். இலத்திரனின் மின்னேற்றத்தை நுட்பமாக அளந்து நோபல் பரிசு பெற்ற அவ்வறிஞரே, அண்டக் கதிர்களுக்கு மின்னேற்றம் இல்லை என வாதித்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மின்னேற்றம் உண்டா இல்லையா என்பதை அறிதற்குப் பூமியே ஒரு பெருங் கருவியாக அமைந்தது. பூமி ஒரு காந்தம். மின்னேற்றமுள்ள துணிக்கைகள் அதன் காந்தப் புலத்திலே வளையும். காமாக் கதிர் வளையாது. துருவப் பகுதிகளிலே காந்தக் கோடுகள் நிலத்துட் புகுதலால் துணிக்கைகள் எளிதில் இறங்கும். நடுக்கோட்டிலோ அவை கோடுகளைக் குறுக்கே கடத்தல் வேண்டும். ஆகவே, கதிர்கள் ஏற்றமுடையனவாயின் நடுக்கோட்டருகே குறைந்தும் வடக்கிலும் தெற்கிலும் மிகுந்தும் காணப்படல் வேண்டும். ஒல்லாந்தரான கிளே சாவகத்துக்கும் ஐரோப்பாவுக்குமிடையே கப்பலிற் கருவியைக் கொண்டுசென்று, 1927 இல் இவ்வேறுபாட்டை முதன்முதற் கண்டார். போதே, கோல்ஹோர்ஸ்டர் ஆகிய இருவரும் 1929 இல் இரண்டு எண்ணிகளுக்கிடையே நான்கு சதமமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள பொற்கட்டியை வைத்து, இரண்டையும் ஒருங்கே தாக்கும் துணிக்கைகளின் பெரும்பகுதி அதனையும் ஊடுருவிச் செல்லுதலைக் காட்டினர். ஆர்தர் கொம்ப்ரன் பல குழுவினரை உலகின் பல பாகங்களுக்கும் அனுப்பிப் பெற்ற அளவைகள் 1932 ஆம் ஆண்டில் ஐயத்துக்கு இடமின்றி அமைந்தன. அவ்வாண்டின் இறுதியிலே மில்லிக்கனும் கொம்ப்ரனும் அறிஞர் அவையிலே எதிரெதிரே நின்று வாதித்தமை அமெரிக்கப் புதினத்தாள்களிலும் பெருஞ் செய்தியாயிற்று.

அடுத்த ஆண்டிலே மெக்சிக்கோ நகரிலும் எரித்திரியாவிலும் நடைபெற்ற பரிசோதனைகள், கிழக்கிலிருந்து வருவனவற்றினும் மேற்கிலிருந்து வரும் துணிக்கைகள் மிகுதி எனக் காட்டின. எரித்திரியாவில் அதனை ஆராய்ந்தவர், இவ்வேறுபாடு தோன்றக்கூடும் என முன்னரே கணித்துக் கூறிய இத்தாலியரான புறூனோ ரொசி. பூமியின் காந்தப் புலத்திலே மேற்கிலிருந்து எளிதில் வருவன நேரேற்றமுடையனவே. இலத்திரனோ எதிரேற்றமுடையது. ஆகவே, காமாக் கதிருமன்று, இலத்திரனுமன்று என்னும் நிலை பிறந்தது. மில்லிக்கனின் கூட்டாளியான நேஹர் என்பார் 1936 இலே காந்த நடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள சென்னைக்கு வந்து, பலூன்களிற் கருவிகளை ஏற்றி வளிமண்டலத்தின் மேலெல்லை வரை அளந்தமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. நமது இலங்கைக்கும் இஃது உரிய செய்தியே. ஏறக்குறைய 1,500 கோடி இலத்திரன்வோற்றுக்குக் குறைந்த சத்தியுடைய புரோத்தன் நேர்மேலிருந்து நமது தீவை அடைதல் இயலாது. பூமியின் காந்தம் அதனைத் திருப்பிவிடும். ஒரு வோற்று மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும் இலத்திரன் பெறும் சத்தியே ஓர் இலத்திரன்வோற்று என்பதை மாணாக்கர் நினைவிற் கொள்க.

நேரேற்றமுடைய முதற்றுணிக்கைகள் பெரும்பாலும் புரோத்தன்களே என்பதை சிகாகோவைச் சேர்ந்த மார்செல் ஷைன் குழுவினர் 1941 ஆம் ஆண்டிலே பலூன் பரிசோதனைகளால் நிறுவினர். உலகப் போர் முடிந்தபின், ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் உயரம் செல்லும் பெரிய பிளாத்திக்குப் பலூன்கள் கிடைத்தன. 1948 இல் மினசோட்டா, ரொச்செஸ்ரர் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் குழுவினர் அவற்றில் முகிலறையையும், தடித்த ஒளிப்படக் குழம்பு பூசிய தட்டுக்களையும் அனுப்பினர். தட்டுக்களைக் கழுவி நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்கியபோது, மெல்லிய கோடுகளோடு மரக்கிளை போன்று தடித்த சுவடுகளும் தோன்றின. ஒரு துணிக்கை தன் வழியில் உண்டாக்கும் அயனாக்கம், ஒரே வேகத்தில், அதன் ஏற்றத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும். புரோத்தனின் ஏற்றம் 1; இரும்புக் கருவின் ஏற்றம் 26. ஆகவே இரும்பு இடும் சுவடு புரோத்தனுடையதிலும் 676 மடங்கு அடர்ந்தது. இத்தடிப்பு வேறுபாட்டாலேயே ஈலியம், காபன், ஒட்சிசன், மகனீசியம், இரும்பு முதலியவற்றின் கருக்கள் வேறு வேறாக அறியப்பட்டன. அன்றே அண்டக் கதிர்களின் வகை துலங்கிற்று. கதிர் என்னும் பெயர் பொருந்தாததாயினும் வழக்கில் நிலைத்துவிட்டது. உண்மையில் அவை விண்மீன்களில் ஆக்கப்பட்ட பொருளின் துகள்களாகும். ரொச்செஸ்ரர்க் குழுவினருள் ஒருவரான பேர்னாட் பீற்றர்ஸ் பின்னர் பம்பாயிலுள்ள தாதா ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றி, இந்திய மாணவர் பலரை இத்துறையிற் பயிற்றினார்.

வகையை அறிந்ததும் புதியதொரு வினா எழுந்தது. இலிதியம், பெரிலியம், போரன் என்னும் மூன்று மெல்லிய மூலகங்களும் இயற்கையில் மிக அரியன. விண்மீன்களின் வெப்பத்திலே அவை ஆக்கப்படுவதினும் அழிக்கப்படுவதே பெரிது. அண்டக் கதிர்களில் அவை உளவா என்பது பற்றி 1950 ஆம் ஆண்டுகளிலே அறிஞர் இரு பகுதியினராய் நின்று வாதித்தனர். உள என்பதே முடிவாயிற்று. அதுவும் ஞாயிற்றுத் தொகுதியிலுள்ள விகிதத்தினும் ஏறக்குறைய இலட்சம் மடங்கு உள. இவை எங்ஙனம் வந்தன? விண்மீன்களுக்கிடையேயுள்ள ஐதரசன் வாயுவோடு காபன், ஒட்சிசன் முதலிய கருக்கள் மோதிச் சிதறுதலால் உண்டாயின என்பதே தக்க விடை. அங்ஙனமாயின், போரனுக்கும் காபனுக்கும் உள்ள விகிதம், கதிர்கள் தம் நெடும் பயணத்தில் எத்துணைப் பொருளைக் கடந்து வந்தன என்பதைக் காட்டும் அளவுகோலாகும். கணக்கிட்டபோது அது சதுர சதமமீற்றருக்குச் சில கிராம் எனப் பெறப்பட்டது. அதாவது ஐந்து முதல் பத்துச் சதமமீற்றர் தடிப்புள்ள நீரைக் கடந்ததற்கு ஒப்பாகும்.

இவ்விடத்திலேதான் பலூனின் குறைபாடு தெரியவருகின்றது. வளிமண்டலம் முழுவதும் பத்து மீற்றர் ஆழமுள்ள நீருக்கு ஒப்பானது. பலூன் நாற்பது கிலோமீற்றர் உயரஞ் சென்றாலும், அதற்கு மேலே மூன்று அல்லது நான்கு சதமமீற்றர் நீருக்கு ஒப்பான வளி எஞ்சி நிற்கும். கதிர்கள் பால்வீதி முழுவதும் அலைந்து கடந்த பொருளின் அளவும், கடைசி நொடியிற் கடக்கும் இவ்வளியின் அளவும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தலை நோக்குக. எனவே பலூனிலுள்ள கருவி காணும் போரன் கருக்களுள் எவை பால்வீதியிற் பிறந்தவை, எவை தலைக்கு மேலேயே பிறந்தவை எனப் பிரித்தறிதல் அரிதாகின்றது. 1972 ஆம் ஆண்டில் ஜூலியசன், மேயர், முல்லர் ஆகியோர் சத்தி உயர உயரப் போரன் முதலியவற்றின் விகிதம் குறைதலைக் கண்டனர். அதிக சத்தியுடைய கதிர்கள் பால்வீதியை விட்டு விரைவில் வெளியேறுகின்றன என்பதே அதன் பொருள். ஆயின் உண்மையான விகிதம் குறையக் குறைய, வளியினால் ஏற்படும் வழுவே மேலோங்கும். ஆகவே உயர்ந்த சத்தியிலே வகையை அறிதற்கு வளிமண்டலத்தை முற்றும் விட்டு அப்பாற் செல்லுதல் இன்றியமையாததாயிற்று.

ஆயின் விண்வெளியில் வேறொரு தடை காத்திருந்தது. அண்டக் கதிர்களின் சத்தி பத்து மடங்காக உயரும்போது, அச்சத்திக்கு மேற்பட்டவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐம்பதிலொரு பங்காகக் குறைகின்றது. ஒரு இலட்சம் கோடி இலத்திரன்வோற்றை ஓரலகாகக் கொள்வோம். மூவாயிரம் அலகளவிலே, ஒரு சதுர மீற்றர்ப் பரப்பை ஆண்டொன்றில் அடைவன சில துணிக்கைகள் மாத்திரமே. அவற்றைப் பிடிப்பதற்குப் பெரிய கருவி வேண்டும். சத்தியை அளப்பதற்கோ துணிக்கையைத் தடுத்து நிறுத்தும் கனத்த உலோகமும் பளிங்கும் வேண்டும். உந்துகலங்களோ எடையை வெறுப்பன. பெரிதாயும் கனமாயும் உள்ளதை மேலே அனுப்புதல் எங்ஙனம் என்பதே அன்றுதொட்டு இத்துறையின் பெருந் துன்பமாகும்.

முதலில் இத்தடையை எதிர்த்தவர் சோவியத்து நாட்டினர். கிரிகோரொவ் என்பாரின் தலைமையில் அமைக்கப்பட்ட கருவிகளுடன் 'புரோத்தன்' என்னும் பெயருடைய நான்கு செயற்கைக் கோள்கள் 1965 முதல் 1968 வரை ஏவப்பட்டன. நான்காவது ஏறக்குறைய பதினேழு தொன் நிறையுடையது. அவற்றிலிருந்த கலோரிமானி, துணிக்கை மோதியதும் எழும் துணிக்கை மழையின் சத்தி முழுவதையும் கூட்டி அளப்பது. ஆயிரம் அலகு வரை கதிர்களின் மொத்தச் சத்திப் பரம்பல் முதன்முறையாக வளிமண்டலத்துக்கு வெளியே அளக்கப்பட்டது. அதனோடு வியப்பான மற்றொரு செய்தியும் வந்தது: ஓரலகளவிலே புரோத்தன்களின் எண்ணிக்கை மாத்திரம் திடீரென விரைந்து குறைகின்றது என்பதே அது. அஃது உண்மையாயின் கதிர்களின் பிறப்பைப் பற்றிய கொள்கைகள் யாவும் மாறியிருத்தல் வேண்டும். ஆயின் ரையன், ஓர்ம்ஸ், பாலசுப்பிரமணியன் ஆகியோர் 1972 இலே வெளியிட்ட பலூன் அளவைகளில் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

காரணம் பின்னர் தெளிவாயிற்று. கலோரிமானியினுள் மோதுகை நிகழும்போது சில துணிக்கைகள் பின்னோக்கித் தெறித்து, மேலேயுள்ள ஏற்றமானியையும் தாக்குகின்றன. ஒரு புரோத்தன் வந்தவிடத்து அக்கருவி அதனையும் தெறித்தனவற்றையும் ஒருங்கு கூட்டி, ஏற்றம் மிகுந்த ஈலியம் எனப் பிழையாகக் காட்டும். சத்தி உயர உயரத் தெறிப்பும் மிகுமாதலால், புரோத்தன்கள் மேன்மேலும் கணக்கிலிருந்து மறைந்தன. எண்ணிக்கையின் மொத்தம் பிழைபடவில்லை, வகையே பிழைபட்டது. அளக்குங் கருவியே அளக்கப்படும் பொருளின் உருவை மாற்றிக் காட்டக்கூடும் என்னும் இப்பாடத்தைப் பிற்காலத்தவர் நன்கு கற்றனர். பின்வந்த கருவிகளில் ஏற்றமானி சிறுசிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டது. வந்த துணிக்கை பட்ட துண்டை மாத்திரம் வாசித்து, தெறித்தவற்றை விலக்குதல் இதனால் இயல்வதாயிற்று.

1979 ஆம் ஆண்டு செத்தெம்பர் 20 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா ஏவிய மூன்றாவது உயர்சத்தி வானியல் அவதானக் கோளிலே, தென்மார்க்கு, பிரான்சு ஆகிய நாட்டினர் கூட்டாக அமைத்த கருவி ஒன்று இருந்தது. பெரிலியம் முதல் நிக்கல் வரையுள்ள மூலகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்த அதன் அளவைகள் நெடுங்காலம் இத்துறைக்கு உரைகல்லாக விளங்கின. 1985 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் நாள் 'சலெஞ்சர்' விண்ணோடம் சிகாகோப் பல்கலைக்கழகத்தாரின் முட்டை வடிவான பெருங் கருவியைச் சுமந்து சென்றது. உள்ளேயிருந்த வாயுக்களின் அழுத்தத்தைத் தாங்குதற்காகவே அவ்வடிவம். ஏறுகையிலே மூன்று பொறிகளுள் ஒன்று நின்றுவிட, ஓடம் குறித்த உயரத்தினுங் குறைந்த பாதையிலேயே சுற்றியது. எனினும் ஆராய்ச்சி தடைப்படவில்லை. துணிக்கை ஒரு பொருளிலிருந்து மற்றொன்றினுட் புகும்போது எழும் நிலைமாறு கதிர்வீசலைக் கொண்டு, கனத்த கலோரிமானியின்றியே அதன் வேகத்தை மதிப்பிடும் முறை அதிற் கையாளப்பட்டது. கருவிலுள்ள புரோத்தன் அல்லது நியூத்திரன் ஒவ்வொன்றுக்கும் ஓரலகு சத்தி என்னும் எல்லையையும் அது எட்டியது. ஆயின் அவதானித்த காலம் சில நாள்களே.

குறைந்த சத்தியுடைய கதிர்களிலே சமதானிகளையும் பிரித்தறியும் முயற்சி மற்றொரு பக்கத்தில் வளர்ந்தது. பெரிலியம்-10 என்னும் சமதானி ஏறக்குறைய 14 இலட்சம் ஆண்டு அரைவாழ்வுடையது. அதில் எவ்வளவு அழியாது எஞ்சியுள்ளது என்பதிலிருந்து கதிர்களின் வயதைக் கணிக்கலாம். சிகாகோவின் சிம்சன் குழுவினர் 1970 ஆம் ஆண்டுகளிற் செயற்கைக் கோள்களிலே தொடங்கிய இவ்வாராய்ச்சியும், 1997 இல் ஏவப்பட்ட 'ஏஸ்' விண்கலத்தின் அளவைகளும், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகள் இக்கதிர்கள் பால்வீதியில் அலைகின்றன எனக் காட்டின. அவ்விண்கலமே பதினேழு ஆண்டுகளிற் சேர்த்த மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இரும்புக் கருக்களுள், இரும்பு-60 என்னும் சமதானியின் கருக்கள் பதினைந்தைக் கண்டது. 2016 இல் இச்செய்தி வெளிவந்தது. அதன் அரைவாழ்வு 26 இலட்சம் ஆண்டுகளே. சில இலட்சம் ஆண்டுகளுக்கோ சில பத்து இலட்சம் ஆண்டுகளுக்கோ முன்னர், நமக்கு வெகுதூரமல்லாத ஓரிடத்தில், வெடித்துச் சிதறிய பெரு விண்மீனிலே அவை பிறந்திருத்தல் வேண்டும். பதினைந்தே கருக்களாயினும் வகை தெளிவாக அறியப்பட்டமையால் அவை ஒரு விண்மீனின் வரலாற்றைக் கூறின.

உயர்சத்தி ஆராய்ச்சியிற் புதிய காலம் 2006 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அவ்வாண்டு யூன் 15 ஆம் நாள் இத்தாலியரும் இரசியரும் பிறரும் அமைத்த 'பமேலா' என்னும் கருவி பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. அதன் நடுவே ஒரு காந்தம் இருந்தது. காந்தத்தில் துணிக்கை வளையும் அளவு அதன் உந்தத்தையும் ஏற்றத்தையும் பொறுத்தது. உந்தத்தை ஏற்றத்தால் வகுக்கப் பெறுவதைக் காந்த விறைப்பு என்பர். 2011 ஆம் ஆண்டிற் 'பமேலா'க் குழுவினர் இரண்டு உண்மைகளை வெளியிட்டனர். புரோத்தனும் ஈலியமும் ஒரே விதமாகக் குறையவில்லை என்பது ஒன்று. ஏறக்குறைய 23,000 கோடி வோற்று விறைப்புக்கு மேலே இரண்டின் குறைவும் மெதுவாகின்றது என்பது மற்றொன்று. பலூன்களிற் சென்ற கருவிகளும் இதனைக் குறிப்பாக உணர்த்தியிருந்தன. சீராக வீழும் ஒரே நேர்கோடெனப் பல்லாண்டுகளாகக் கருதப்பட்ட வரைபு, உண்மையிற் கோணல் உடையதாயிற்று.

இதனை ஐயமற நிறுவியது சாமுவேல் ரிங் என்னும் நோபல் அறிஞரின் முயற்சியால் அமைந்த அல்பாக் காந்த நிறமாலைமானி. 1998 இல் அதன் முதல் வடிவம் விண்ணோடத்திற் பறந்து சோதிக்கப்பட்டது. 2003 இல் 'கொலம்பியா' ஓடம் அழிந்தபின், இக்கருவிக்கென வகுத்த பயணம் கைவிடப்பட்டது. பின்னர் அமெரிக்கப் பாராளுமன்றம் 2008 இற் சட்டமியற்றி அதற்கொரு பயணத்தை அளித்தது. 2011 மே 16 ஆம் நாள் புறப்பட்ட அது, பன்னாட்டு விண்ணிலையத்திலே பூட்டப்பட்டது. அதன் குளிரூட்டும் பம்பிகள் பழுதுற்றபோது, 2019 இறுதிக்கும் 2020 தொடக்கத்துக்குமிடையே விண்வெளி வீரர் இருவர் நான்கு முறை வெளியே சென்று, குழாய்களை வெட்டிப் பொருத்திப் புதிய பம்பிகளை இணைத்தனர். இருபதாயிரங் கோடிக்கு மேற்பட்ட துணிக்கைகள் அதிற் பதிவாகியுள்ளன.

அக்குழுவினர் 2018 இல் வெளியிட்ட முடிபு, வகையறிதலின் பயனை நன்கு விளக்கும். ஈலியம், காபன், ஒட்சிசன் ஆகிய மூன்றும் பிறப்பிடத்திலிருந்தே வருவன. இவை உயர்ந்த விறைப்பில் ஒரே விதமாக நடக்கின்றன. இலிதியம், பெரிலியம், போரன் ஆகியவை வழியிலே பிறப்பன. இவையும் தம்முள் ஒத்து நடக்கின்றன. ஆயின் மேற்சொன்ன கோணல் முதல் வகையினும் இரண்டாம் வகையிலே மிகுதியாகக் காணப்படுகின்றது. கோணலுக்குக் காரணம் பிறப்பிடத்தில் இருந்திருப்பின் இரு வகையிலும் அது ஒரே அளவாக இருத்தல் வேண்டும். பயணத்தில் இருப்பின், வழியிற் பிறந்தவை அதனை இருமுறை ஏற்றல் வேண்டும். அளவைகள் பின்னைய விடையையே பெரிதும் சார்கின்றன. மொத்த எண்ணிக்கையை எத்துணை நுட்பமாக அளந்திருந்தாலும் இவ்வேறுபாடு வெளிப்பட்டிராது.

காந்தத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட சத்தியை அளத்தற்குக் கலோரிமானிகள் மீண்டும் விண்ணேறின. யப்பானியரின் 'கலெற்' 2015 ஒகத்து 19 ஆம் நாளும், சீனரின் 'வூகொங்' எனப்படும் கோள் அவ்வாண்டு திசெம்பர் 17 ஆம் நாளும் ஏவப்பட்டன. பின்னையதன் கலோரிமானி 308 பளிங்குச் சட்டங்களை, அடுக்கொன்றுக்கு இருபத்திரண்டாகப் பதினான்கு அடுக்குகளில், குறுக்கும் நெடுக்குமாக அமைத்தது. புரோத்தன்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 13.6 அலகுக்கு மேலே மீண்டும் விரைந்து குறைகின்றது என்று 2019 இலும், ஈலியத்தில் அதே மாற்றம் ஏறக்குறைய 34 அலகில் நிகழ்கின்றது என்று 2021 இலும் அக்குழுவினர் அறிவித்தனர். ஈலியத்தின் ஏற்றம் புரோத்தனுடையதிலும் இருமடங்கு; திணிவு நான்கு மடங்கு. மாற்றம் ஏற்றத்தைப் பின்பற்றுமாயின் காரணம் காந்தப் புலங்களின் செயல். திணிவைப் பின்பற்றுமாயின் வேறு காரணம் தேடல் வேண்டும். இரண்டரை என்னும் விகிதம் ஏற்றத்துக்கே அண்மையது. எனினும் அவ்விரு அளவைகளின் வழுவெல்லை மற்றதை முற்றாக விலக்கவில்லை. பன்னாட்டு விண்ணிலையத்துக்கு 2017 இல் அனுப்பப்பட்ட 'கிறீம்' என்னும் கருவி 2019 பெப்புருவரியில் ஓய்ந்தது.

இவ்வளவு முயற்சிக்கும் காரணமான பெரிய வினா இன்னும் மேலே நிற்கின்றது. மொஸ்கோவிலே குலிகோவ், கிறிஸ்தியான்சன் ஆகிய இருவர் 1958 இல், ஏறக்குறைய மூவாயிரம் அலகிலே அண்டக் கதிர்களின் எண்ணிக்கை திடீரென மடிந்து குறைதலைக் கண்டனர். முழங்கால் போல் மடியும் அவ்விடத்தை முழங்கால் என்றே அறிஞர் வழங்குவர். செனீவாவிலுள்ள பேராற்றல் மோதுகைப் பொறி புரோத்தன் ஒன்றுக்கு அளிக்கும் சத்தி 6.8 அலகே என்பதை ஒப்பிட்டு நோக்கின், இயற்கையின் ஆற்றல் விளங்கும். பால்வீதியிலுள்ள இயற்கைப் பொறிகளின் எல்லை அதுவாயின், முதலிற் புரோத்தனும், பின்னர் ஈலியமும், இறுதியில் இரும்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தம் ஏற்றத்துக்கேற்ப ஓய்தல் வேண்டும். இதனை அறிதற்கு வகையறிதல் ஒன்றே வழி. அச்சத்தியில் வருவன மிகச் சிலவாதலால், திபெத்திய மேட்டுநில விளிம்பில் 4,410 மீற்றர் உயரத்திற் சீனர் அமைத்தது போன்ற பரந்த நிலக் கருவிகளே அவற்றைப் போதிய அளவிற் காண்கின்றன. அவை காண்பதோ முதற்றுணிக்கையையன்று. அது வளியிலே சிதறியபின் எழும் மழையை. மழையிலிருந்து மேகத்தை ஊகிப்பது போல, மோதுகை பற்றிய கணிப்புக்களின் துணைகொண்டே வந்தது புரோத்தனா இரும்பா எனத் தீர்மானிக்கப்படுகின்றது. கணிப்பு மாறின் விடையும் மாறும்.

ஆகவே கையில் இரண்டு அளவுகோல்கள் உள. விண்ணிலுள்ளது வகையை நேரே காண்பது, ஆயின் குட்டையானது. நிலத்திலுள்ளது நெடியது; ஆயின் ஊகத்தின் துணையை வேண்டுவது. நூறு முதல் ஆயிரம் அலகு வரையுள்ள இடைவெளியிலே இரண்டும் ஒன்றன்மேலொன்று நன்கு படியுமாயின், குட்டையானதைக் கொண்டு நெடியதைத் திருத்திக்கொள்ளலாம். விண்ணிற் பெரிய கருவிகளை நிறுவ விழைவோரின் வேட்கை இதுவே. அது நிறைவேறுமளவும், முழங்காலுக்கு அப்பாலுள்ள கூறு பற்றிக் கூறப்படுவன யாவற்றையும் அவற்றுக்கு ஆதாரமான கணிப்போடு சேர்த்தே கற்றல் வேண்டும்.

விஞ்ஞானம் பயிலும் நம் மாணாக்கர் இவ்வரலாற்றில் ஒன்றை ஊன்றி நோக்குவாராக. மில்லிக்கனும் கிரிகோரொவும் ஆற்றல் குறைந்தவரல்லர். அவர்தம் அளவைகளும் பெரும்பாலும் பழுதற்றவை. எண்ணிய பொருள் இன்னது என்பதில் நேர்ந்த சிறு பிறழ்ச்சியே முடிவைத் திரித்தது. அவ்விருவரையும் திருத்தியது எதிர்வாதத்தின் நயமன்று. கப்பலிலும் மலையிலும் பலூனிலும் வேறொருவர் வேறொரு முறையாற் பெற்ற அளவையே. பரிசோதனைச் சாலையில் ஓர் எண்ணைக் குறித்தவுடன் பணி முடிந்ததெனக் கருதாது, யாம் அளந்தது யாது, அதனை வேறு வழியாலும் காட்ட இயலுமா என வினாவும் பழக்கம் பள்ளிப் பருவத்திலேயே வேரூன்றுமாயின், அதுவே பெரும் பயனாகும்.